நாள் குறித்து வைத்த வானம்

(அம்பத்தூரில் ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய சீன அரசவை ஏடுகளில் பதிவாகியிருக்கும் வானக் காட்சிகள். இதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு சீனத்து அரசவையைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். சீனர்கள் எழுதி வைத்த வானம் சீனத்துக்கு மட்டும் சொந்தமான வானமா? அதே இரவுகளில் தஞ்சாவூருக்கு மேலேயும், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேலேயும், இதோ நம் திருமுல்லைவாயிலுக்கு மேலேயும் விரிந்து கிடந்தது அதே வானம்தானே? நம் முன்னோர் அண்ணாந்து பார்த்த விண்மீன்களுக்கு அங்கே ஒருவன் நாள் குறித்து வைத்திருக்கிறான். அவன் என்ன குறித்தான்? நாம் என்ன குறித்தோம்? எதை விட்டோம்? விட்டதை எப்போது பிடித்தோம்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடுவதுதான் இன்றைய பேச்சு.

முதலில் உங்களை ஓர் இரவுக்கு அழைத்துப் போகிறேன்.

1054ஆம் ஆண்டு, ஜூலை 4. விடியலுக்கு முந்தைய நேரம். சீனத்தை ஆண்ட சோங் பேரரசின் தலைநகரம் கைஃபெங். கிழக்கே ரிஷப ராசி எழுகிறது. ரோகிணி விண்மீன் உங்களுக்குத் தெரியும். அதற்கும் கீழே, காளையின் கொம்பு முனையை ஒட்டி, அதற்கு முன் அங்கே இல்லாத ஒரு விண்மீன் நிற்கிறது! வெள்ளிக் கோளைப் போன்ற ஒளி. நான்கு பக்கமும் கதிர். செம்மை கலந்த வெண்ணிறம். பொழுது விடிந்தது, சூரியன் மேலே வந்தது, அது மறையவில்லை. பட்டப்பகலில் 23 நாள் தெரிந்தது. இரவில் 1056 ஏப்ரல் வரை, ஏறத்தாழ 21 மாதம் தெரிந்து, பிறகு கண்ணுக்கு எட்டாமல் போயிற்று.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அரசவை வானியலார் எழுதி வைத்ததால் தெரியும். இப்படித் திடீரென்று தோன்றுவதை அவர்கள் விருந்தாளி விண்மீன் என்றார்கள். எந்த நாளில் வந்தது, எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் நின்றது, என்ன நிறம், எத்தனை நாள், எப்போது போயிற்று என்று ஒன்றுவிடாமல் எழுதினார்கள். யாங் வெய்டே என்ற வானியல் அதிகாரி பேரரசருக்கு ஒரு விண்ணப்பமும் கொடுத்தார். செம்மை கலந்த வெண்மை என்று ஏடு சொல்லும் அந்த நிறத்தை அவர் மஞ்சள் என்றார், ஆகவே நாட்டுக்கு நல்ல காலம் என்பது அவருடைய விளக்கம்.

அவர் சொன்ன பலனை இன்று யார் நினைக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. அவர்கள் குறித்த நாளை யார் நினைக்கிறார்கள்? உலகத்து வானியலார் அத்தனை பேரும் நினைக்கிறார்கள்!

காரணம் சொல்கிறேன். 1731இல் இங்கிலாந்தில் ஜான் பெவிஸ் என்பவர் தொலைநோக்கியில் ரிஷபக் கொம்பின் அருகே ஒரு மங்கலான புகைத்திட்டைக் கண்டார். 1758இல் பிரான்சின் மெஸ்ஸியே அதையே கண்டு, பிறகு தம் பட்டியலில் முதல் எண்ணைக் கொடுத்தார். இன்று அதற்கு நண்டு நெபுலா என்று பெயர். 1921இல், பல ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது அந்தத் திட்டு விரிந்துகொண்டே போவது தெரிந்தது. விரிகிற வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அது எப்போது ஒரு புள்ளியாக இருந்திருக்கும்? 1928இல் வானியலார் ஹபிள் கணக்குப் போட்டார். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பு என்று விடை வந்தது. சீன ஏட்டைப் பிரித்தால் அதே இடத்தில், அதே காலத்தில் விருந்தாளி விண்மீன்! ஒரு விண்மீன் வெடித்துச் செத்ததைப் பூமியில் கண்ட நாள் கையில் கிடைத்துவிட்டது. 1968இல் அந்த நெபுலாவின் நடுவே, வினாடிக்கு 30 தடவை சுழலும் ஒரு துடிப்பு விண்மீனையும் கண்டுபிடித்தார்கள். அதன் வயது என்ன என்று கேட்டால், வானத்தில் வேறு எந்தத் துடிப்பு விண்மீனுக்கும் சொல்ல முடியாத அளவுக்குத் திட்டமாக, பிறந்த தேதியோடு சொல்லலாம்.

சீனத்தில் எழுதியவருக்குத் தாம் எழுதியதன் பொருள் தெரியாது. படித்தவருக்குத்தான் தெரிந்தது. நடுவில் ஓடியது ஒன்பது நூற்றாண்டு. அத்தனை காலமும் அந்தக் குறிப்பைக் காப்பாற்றியது எது? அதில் இருந்த தேதி!

அன்பர்களே, இது தற்செயலாக நடந்ததா? இல்லை. சீனத்தில் வானம் பார்ப்பது அரசாங்க வேலை. பேரரசர் வானத்தின் மைந்தர். வானத்தில் ஒரு மாறுதல் வந்தால் அது அவருடைய ஆட்சியைப் பற்றிய செய்தி. அந்தச் செய்தியை அவருக்கு முன்னால் வேறொருவன் படித்துவிடக் கூடாது. அதனால்தான் இரவுதோறும் ஆட்களை மேடையில் ஏற்றி வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வம்சம் முடிந்து அடுத்த வம்சம் வந்ததும், போன வம்சத்தின் வரலாற்றை அரசே எழுதுவித்தது. அந்த வரலாறுகளில் வானத்துக்கென்று தனிப் பகுதி இருக்கும்.

அந்தப் பகுதிகளில் கிடப்பவை எவை தெரியுமா? கி.மு. 240இல் தோன்றிய வால்வெள்ளி, சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. அதுதான் ஹாலி வால்வெள்ளி. அது 76 ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று உலகத்துக்குத் தெரிந்தது 18ஆம் நூற்றாண்டில். ஆனால் கி.மு. 240க்குப் பிறகு அது வந்த தடவைகளில் கி.மு. 164 ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே சீன ஏடுகளில் இருக்கின்றன. அந்த ஒன்றும் பாபிலோனியரின் களிமண் பலகையில் கிடைத்துவிட்டது. கி.மு. 28இல் சூரியனின் நடுவில் நாணயம் அளவுக்குக் கறுப்பு தெரிந்ததாக ஹான் வம்சத்து வரலாறு சொல்கிறது. சூரியப் புள்ளி! கலிலியோ பிறப்பதற்கு 1,500 ஆண்டுக்கும் மேல் முந்தைய செய்தி இது. 1973இல் சாங்ஷா நகரத்துக்கு அருகே மவாங்டுய் கல்லறையைத் தோண்டினார்கள். அது மூடப்பட்டது கி.மு. 168இல். உள்ளே ஒரு பட்டுத் துணி. அதில் 29 வால்வெள்ளிகளின் படம். ஒன்றுக்கு வால் நேராக, ஒன்றுக்கு வளைந்து, ஒன்றுக்குப் பிரிந்து. ஒவ்வொன்றின் கீழும் அது வந்தால் என்ன நடக்கும் என்ற பலன்.

எழுதத் தூண்டியது சகுனம்தான். மறைக்க வேண்டியதில்லை. அச்சத்தில் எழுதினார்கள், ஆனால் நாள் போட்டு எழுதினார்கள். அந்த நாள்தான் பின்னால் அறிவியலுக்குப் பயன்பட்டது.

சரி, அத்தனையும் யோக்கியமான பதிவா? இங்கேதான் நம் தொழிற்பேட்டைத் தோழர்களுக்கு மிகவும் பிடிக்கப்போகிற ஒரு கதை வருகிறது.

சோங் காலத்தில் தலைநகரில் வானத்தைப் பார்க்க ஒரு நிலையம் போதாது என்று இரண்டு வைத்தார்கள். ஒன்று அரண்மனைக்குள்ளே. இன்னொன்று வெளியே, வானியல் துறையில். இரண்டு இடத்திலும் நாழிகைக் கருவி, பார்வை மேடை, வெண்கல வளையக் கருவி எல்லாம் ஒன்றுபோல. அரண்மனை நிலையத்தார் இரவு கண்டதை எழுதி, கோட்டைக் கதவு திறப்பதற்கு முன்னால் உள்ளே சேர்த்துவிட வேண்டும். கதவு திறந்த பிறகு வெளித் துறையின் அறிக்கை வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒருவன் பொய் எழுதினால் மற்றவனுடைய அறிக்கை காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு நல்ல ஏற்பாடு!

என்ன நடந்தது? இரண்டு தரப்பும் ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கோள்கள் எங்கே நிற்கின்றன என்பதை வானத்தைப் பார்த்து எழுதவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதினார்கள். இரவில் சுகமாகத் தூங்கிவிட்டு, மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள். இது ஊருக்கே தெரியும், யாரும் வியப்படையவில்லை. 1070களில் அந்தத் துறையின் பொறுப்புக்கு வந்த ஷென் குவோ என்ற அறிஞர் இதைக் கண்டுபிடித்து ஆறு பேரை வேலையை விட்டு நீக்கினார். பிறகு தம் நூலில் அதை எழுதியும் வைத்தார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: கொஞ்ச நாளில் பழையபடியே ஆகிவிட்டது என்று!

சிரிக்கிறீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மெஷின் பக்கத்தில் தொங்குகிற லாக் புக்கில் மணிக்கு ஒருமுறை ரீடிங் எழுத வேண்டும். பிரஷர் எவ்வளவு, டெம்பரேச்சர் எவ்வளவு. போன ஷிப்ட்காரன் எழுதியதைப் பார்த்து அதே எண்ணை எட்டு வரிக்கும் ஒரே மூச்சில் நிரப்பிக் கையெழுத்துப் போட்ட நோட்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெஷின் நன்றாக ஓடுகிறவரை அந்த நோட்டை எவரும் புரட்டுவதில்லை. ஒருநாள் பேரிங் எரிந்துபோகும். அன்றைக்கு எல்லாரும் அந்த நோட்டைத்தான் தேடுவார்கள். அதில் இருக்கும் எண் உண்மையா என்பது அன்றைக்குத்தான் கேள்வியாகும்.

ஆக, ஒரு குறிப்பு காலத்தைத் தாண்டி நிற்க இரண்டு வேண்டும். ஒன்று, நாள். இரண்டு, நேர்மை. இந்த இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு இப்போது தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம்.

தமிழன் வானத்தைப் பார்க்கவில்லையா? பார்த்தான். நன்றாகவே பார்த்தான். புறநானூற்றின் 229ஆம் பாட்டைப் பாடியவர் கூடலூர் கிழார். பங்குனி மாதத்து ஓர் இரவில் ஓர் எரிமீன் விழுவதைக் காண்கிறார். எந்த விண்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது, எரிமீன் எந்தத் திசையில் விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தம் அரசனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறார். ஏழாம் நாள் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். நெஞ்சை உலுக்கும் பாட்டு.

கைஃபெங்கில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு இருந்த அதே அச்சம். அதே கவனம். திசை இருக்கிறது, மாதம் இருக்கிறது, விண்மீன்களின் நிலை இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். எந்த ஆண்டு? அது இல்லை! அந்த ஒன்று இருந்திருந்தால் சேரர் வரலாற்றின் பாதிச் சண்டை தீர்ந்திருக்குமே!

அடுத்து, சோழர் காலம். 1006ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம். தென்வானத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. மனித குலம் எழுதி வைத்த விண்மீன் வெடிப்புகளிலேயே மிகப் பிரகாசமானது அதுதான். கெய்ரோவில் அலி இப்னு ரித்வான் எழுதினார். ஜப்பானில் எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் மடத்துத் துறவிகள், மலை விளிம்புக்கு ஒட்டினாற்போல் தெரிந்ததை எழுதினார்கள். சீனத்தில் மக்கள் கலங்கிப்போனார்கள். சோ கெமிங் என்ற அதிகாரி இது நல்ல சகுனம் என்று அரசரிடம் எடுத்துச் சொல்லிப் பதவி உயர்வும் வாங்கிக்கொண்டார்!

இந்த விண்மீனைக் காண உலகத்தில் வசதியான இடங்களில் ஒன்று எது தெரியுமா? தஞ்சாவூர்! கைஃபெங்கில் அது அடிவானத்திலிருந்து 17 பாகைதான் உயர்ந்திருக்கும். தஞ்சையில் ஏறத்தாழ 40 பாகை. கோடை இரவு. பொழுது சாய்ந்ததும் தென்கிழக்கே எழுந்து, நடுநிசியில் தெற்கே உயர்ந்து, விடியலுக்குச் சற்று முன்புவரை நின்றிருக்கும். கீழே என்ன நடந்துகொண்டிருந்தது? ராஜராஜனின் பெரிய கோயில் எழும்பிய காலம் அது. 1010இல் விமானத்துக் கலசம் ஏறியது. கல் சுமந்தவன் பார்த்திருப்பான். சாரம் கட்டியவன் பார்த்திருப்பான். அரசனே பார்த்திருப்பான்.

அந்தக் கோயில் சுவர்களைப் பாருங்கள். எந்தத் திருமேனிக்கு எந்த நகை, அதன் எடை என்ன, முத்து எத்தனை என்று எண்ணி எழுதியிருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் எழுதியிருக்கிறது. நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அவ்வளவு நுணுக்கமாக எழுதிய கை, தலைக்கு மேல் நின்ற விண்மீனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஏன்? அறிவுக் குறைவா? இல்லை. கல்வெட்டு எதற்கு? கொடுத்த தானத்துக்கும் நிலத்தின் எல்லைக்கும் சாட்சி சொல்வதற்கு. அது கோயிலின் ஆவணம். வானத்தின் நாட்குறிப்பு அன்று. ஓலையில் எழுதியிருந்தால்? ஓலை நம் வெக்கையிலும் ஈரத்திலும் சில நூறு ஆண்டுக்கு மேல் தாங்காது. யாராவது படியெடுத்துக்கொண்டே வர வேண்டும். சீனத்தில் படியெடுக்க ஓர் அலுவலகம் இருந்தது. நம்மிடம் அது இல்லை. கண் இருந்தது, கணக்கு இருந்தது, அலுவலகம் இல்லை.

ஆனால் முழுக்கக் கைவிரித்துவிடாதீர்கள். தானம் கொடுக்க நல்ல நாள் எது? கிரகண நாள். ஆகவே சூரிய கிரகணத்தன்றும் சோம கிரகணத்தன்றும் கொடுத்ததாகப் பல கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆட்சியாண்டு, திங்கள், கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் சொல்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு சரியான தேதியைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஒரு தமிழர், திவான் பகதூர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் ஆங்கிலத் தேதியும் தரும் பெரும் அட்டவணையை 1922இல் வெளியிட்டார். கணினி இல்லாத காலம்! சோழ அரசர்களின் ஆண்டுகளை நாம் இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகள் இருக்கின்றன. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. அடுத்த தடவை பிரகாரம் சுற்றும்போது ஒரு நிமிடம் நின்று அந்த எழுத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோழ அரசவையும் சோங் அரசவையும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. 1015இல், 1033இல், 1077இல் சோழத் தூதர்கள் சீனம் போனார்கள். 1015இல் போன தூது கடலிலும் துறைமுகங்களிலுமாக 1,150 நாள் கழித்தது என்று சீன ஏடு எண்ணி வைத்திருக்கிறது. அதையும் எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள்! 1077இல் குலோத்துங்கன் அனுப்பிய தூதர்கள் போன காலம், ஷென் குவோ அந்தத் தூங்குமூஞ்சி அதிகாரிகளை விரட்டிய அதே பத்தாண்டு. பிறகு 1281இல் சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் நம் வணிகர்கள் ஒரு சிவன் கோயில் விஷயமாகத் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். சகாப்தம் 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம் என்று தெளிவாக நாள் போட்டார்கள். அதே 1281இல்தான் வானியலார் குவோ ஷோவ்ஜிங் உருவாக்கிய புதிய நாட்காட்டி சீனத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டின் நீளம் 365.2425 நாள் என்பது அவர் கணக்கு. ஐரோப்பா அந்த எண்ணுக்கு வர 1582 ஆயிற்று.

நம் கணக்கும் லேசுப்பட்டது அல்ல. ஜான் வாரன் என்ற அதிகாரி, சென்னை வானாய்வு நிலையத்தில் முன்பு பொறுப்பு வகித்தவர், 1825இல் தம் நூலை வெளியிட்டார். அதில் புதுச்சேரியில் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்தார். காகிதம் இல்லை, பேனா இல்லை. சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்தினார். வரப்போகும் சந்திர கிரகணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் சொன்னார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம்! நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த சூத்திரம் அவ்வளவு கிட்டே போயிற்று. ஆனால் 4 நிமிடம் எங்கிருந்து வந்தது, 52 நிமிடம் எங்கிருந்து வந்தது? சூத்திரத்தை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்துவதற்கு, முன் நடந்த கிரகணங்களின் பதிவு வேண்டும். அந்தப் பதிவு இல்லாததால் பிழை வளர்ந்துகொண்டே வந்தது.

அந்தப் பிழையைக் கண்டு பொறுக்காத ஒரு தமிழ்நாட்டு மனிதர் வந்தார். அவர் பெயரை இங்கே இருக்கும் ஒவ்வொரு மாணவனும் எழுதிக்கொள்ள வேண்டும். சிந்தாமணி ரகுநாதாச்சாரி!

நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் 1792இல் எழுந்தது சென்னை வானாய்வு நிலையம். அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது; அதில் தமிழிலும் எழுத்து இருக்கிறது. அந்த நிலையத்தில் போக்சன் என்ற ஆங்கிலேயரின் கீழ் உதவியாளராக இரவு இரவாக விண்மீன்களை அளந்தவர் ரகுநாதாச்சாரி. தினமும் அதே வேலை. இந்த விண்மீன் எந்த நேரத்தில் உச்சிக் கோட்டைக் கடந்தது, என்ன ஒளி, எழுது. அடுத்தது, எழுது. 1867 ஜனவரியில், சென்னையின் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே தெரியும் ஒரு விண்மீனின் ஒளி, குறிப்பேட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டார். வானம் மாறியிருக்கிறது! ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன் அது. இன்று ஆர் ரெட்டிகுலி என்று உலகப் பட்டியலில் இருக்கிறது. புதிதாகக் கண்ணில் பட்டதால் கண்டுபிடித்தாரா? பழைய குறிப்பு கையில் இருந்ததால் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார்.

அதோடு நின்றாரா? 1874இல் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடக்கப்போகிறது என்பதற்காகத் தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறு நூல் எழுதிச் சாதாரண மக்களுக்குச் சொன்னார். வானத்தில் நேரில் பார்த்ததோடு ஒத்துப்போகும்படி திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். உங்கள் வீட்டில் குருப்பெயர்ச்சி எந்த நாள் என்று வாக்கியமும் திருக்கணிதமும் வெவ்வேறு தேதி சொல்லும்போது, பாடி திருவலிதாயம் கோயிலுக்கு என்றைக்குப் போவது என்று குழம்புகிறீர்களே, அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இந்த மனிதரின் உழைப்பு இருக்கிறது. எழுதிய சூத்திரமா, கண்ணால் கண்ட வானமா என்று கேட்டால், கண்ணால் கண்டது என்று சொன்னவர் அவர். 1880இல் மறைந்தார். நம் ஊர்களில் அவர் பெயரைச் சொல்லி ஒரு தெருவை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்!

அடுத்தது கொடைக்கானல். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாடே செத்து விழுந்தது. மழை ஏன் பொய்க்கிறது? சூரியனில் தெரியும் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா? இந்தக் கேள்வியோடு சூரியனைத் தினமும் பார்க்க ஓர் இடம் தேடினார்கள். 1899இல் கொடைக்கானல் நிலையம் வந்தது. 1904 முதல் வானம் வெளுத்திருக்கும் நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்தார்கள். 1909 ஜனவரியில் எவர்ஷெட் என்ற வானியலார் அங்கேதான் சூரியப் புள்ளிகளுக்குள் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அந்த நிகழ்வுக்கு உலகம் அவர் பெயரையே வைத்திருக்கிறது. நூறாண்டைத் தாண்டிய அந்தப் படங்களை இப்போது இந்திய வானியற்பியல் நிறுவனம் கணினியில் ஏற்றி, உலகம் முழுவதும் ஆராய்ச்சிக்குத் திறந்துவிட்டிருக்கிறது.

கி.மு. 28இல் ஒரு சீனன் சூரியனில் கண்ட கறுப்பையும், இன்று காலை கொடைக்கானலில் கண்ட கறுப்பையும் ஒரே வரிசையில் வைக்கலாம். சோழன் சுவரில் விடுபட்ட வரியை நாம் மலைமேல் எழுத ஆரம்பித்துவிட்டோம். தாமதம்தான். ஆனால் ஆரம்பித்துவிட்டோம், நூறாண்டாக விடாமல் எழுதுகிறோம். தலை நிமிர்ந்து சொல்லலாம்.

முடிக்கப் போகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. இதெல்லாம் பெரிய நிலையங்களின் வேலை, நமக்கென்ன என்கிறீர்களா? ராத்திரியில் தொழிற்பேட்டை விளக்கும் புறவழிச்சாலை விளக்கும் சேர்ந்து வானத்தையே வெளுக்க அடித்துவிட்டதே, இங்கே என்ன தெரியும் என்கிறீர்களா? உண்மைதான். பால்வீதி நமக்குத் தெரியாது. ஆனால் திருவாதிரை தெரியும். மார்கழி இரவில் கிழக்கே சிவந்து எழுமே, அது அம்பத்தூர் மாடியிலிருந்தும் தெரியும், ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்தும் தெரியும்.

அந்தத் திருவாதிரை 2019 டிசம்பரிலிருந்து 2020 பிப்ரவரிவரை வழக்கத்தைவிட மிகவும் மங்கியது. வெறும் கண்ணாலேயே தெரிந்தது. உலகம் முழுவதும் வானியல் ஆர்வலர்கள் அந்த மங்கலை இரவுக்கு இரவு குறித்து அனுப்பினார்கள். அவர்களில் பள்ளிக்கூட வாத்தியார்களும் ஓய்வுபெற்றவர்களும் உண்டு. இன்னொரு செய்தி. சிவந்து நிற்கும் இதே திருவாதிரையை 2,100 ஆண்டுக்கு முன்னால் சிமா சியென் மஞ்சள் நிறம் என்று எழுதியிருக்கிறார். அவர் கண்ணில் கோளாறு இல்லை. அந்த விண்மீன் வயதாகி நிறம் மாறியிருக்கிறது என்று 2022இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் அந்தக் குறிப்பைக் கொண்டே காட்டினார்கள். ஒரு விண்மீன் முதுமையடைவதற்குச் சாட்சி, ஓர் எழுத்தரின் ஒற்றைச் சொல்!

மாணவச் செல்வங்களே, 2031 மே 21 அன்று கங்கண சூரிய கிரகணம் மதுரை, காரைக்குடி வழியே தமிழ்நாட்டைக் கடக்கப்போகிறது. சென்னையில் பகுதி கிரகணம். 2061இல் ஹாலி வால்வெள்ளி திரும்பி வரும். உங்களில் பலர் அதைப் பார்ப்பீர்கள். அன்றைக்கு எடுத்துப் பார்க்க, இன்றைக்கு எழுதிய ஒரு நோட்டு உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

இங்கே கூடியிருக்கும் ஆசிரியர்களிடமும் தொழிற்சங்க நண்பர்களிடமும் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வானக் குறிப்பேடு வையுங்கள். அதற்குப் பெரிய செலவு ஆகாது. திருவாதிரை இன்று எப்படி இருந்தது, நிலா எங்கே இருந்தது, மேகம் இருந்ததா, எழுதச் சொல்லுங்கள். சூரியனை மட்டும் வெறும் கண்ணால் பார்க்க விடாதீர்கள். எந்த ஆண்டு, எந்த நாள், எத்தனை மணி, எந்த மாடி என்பதைத் தவறாமல் போடச் சொல்லுங்கள். மேகம் மூடியிருந்தால் மேகம் என்றே எழுதட்டும். பார்க்காததைப் பார்த்ததாக மட்டும் ஒருவரும் எழுத வேண்டாம்.